மதுஷா (வவுனியா)

“ஆர் உந்தப் பேரைப் போட்டது?”

றோய் தன் போனை டிலக்ஷியின் மேசையில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். அதுதான் அவளுக்குப் பயம். கத்துகிற ஆட்களென்றால் ஒருமாதிரிச் சமாளித்துவிடலாம்.

திரையில் இருந்தது அவன் தகப்பனின் மரண அறிவித்தல். இன்றைக்குக் காலமை டிலக்ஷி வேலை செய்கிற இணையத் தளத்தில் ஏறியது. பண்டத்தரிப்பைச் சேர்ந்த துரைராஜா. நேசம்மாவின் அன்புக் கணவர். றோய் (லண்டன்), மதுஷா (வவுனியா) ஆகியோரின் பாசமிகு தந்தை.

அந்த மதுஷாதான் பிரச்சினை.

“நேற்று வந்து இறங்கின கையோடை வாட்சப்பிலை வொய்ஸ் அனுப்பேக்கை வடிவாச் சொன்னனான், ஒரு பிள்ளை எண்டு போடுங்கோ எண்டு. எங்கடை திருச்சபையையும் விட்டு, எங்களையும் விட்டு, ஆரோ ஒருத்தனோடை போனவள் அவள். அதுக்குப் பிறகு அவளின்ரை பேர் எங்கடை வீட்டிலை இல்லை.”

யாழ்ப்பாணத்தில் அறிவித்தல் தளம் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும், விடச் சொன்ன பெயரை விட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. வீட்டுக்குப் பிடிக்காத கலியாணம் செய்த மகள், காணிக்குச் சண்டை பிடித்த தம்பி, இவர்கள் எல்லாம் செத்தவீட்டு அறிவித்தலில்தான் வெட்டுப்படுவார்கள்.

முந்தி அந்த அறையில் மூன்று பேர் வேலை செய்தார்கள். முதலாளி லெனாட் ஏஐ வாங்கிய பிறகு இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். இப்போது சனம் வாட்சப்பில் சொல்வதை ஏஐ எழுதும், டிலக்ஷி பிழை பார்ப்பாள், லெனாட் தளத்தில் ஏற்றுவார். போன கிழமை ஏஐ, உயிரோடு இருக்கிற ஒரு மாமியாரைக் ‘காலஞ்சென்ற’ ஆக்கிவிட்டது. டிலக்ஷி அதைக் கவனிக்கவில்லை.

“இன்னுமொருக்கா நடந்தால் நீயும் வீட்டை போகலாம்” என்றார் லெனாட். ஒப்புக்குச் சொல்கிற ஆள் இல்லை. கொழும்பில் ஒரு தளம் கிடுகிடுவென்று வளருது என்ற யோசனையில் சிரிக்கவே மறந்துபோன மனுசன்.

அதனால் இன்றைக்கு ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். மதுஷா என்று ஒரு பெயரைக் கண்ட ஞாபகமே இல்லை. ஆனால் இருக்கிறதே. இந்த வேலையும் போனால், ஏஎல் சோதனை ஃபெயில் விட்ட பெட்டைக்கு இந்த ஊரில் வேறு யார் வேலை தரப் போகிறார்கள்?

உள்ளறையில் இருந்து லெனாட் வந்தார்.

“பேரை எடுத்தாச்சு. இப்ப திறந்து பாருங்கோ.”

“இப்ப எடுத்து? அவள் உந்த அறிவித்தலைப் பார்த்திட்டு வவுனியாவிலை பஸ் ஏறிட்டாளாம். தன்னைச் சேர்த்திட்டினம் எண்டு நினைச்சு. அம்மா அதைக் கேள்விப்பட்ட நேரம் துடக்கம் கேற்றடியிலை கதிரை போட்டு இருக்கிறா. உள்ளுக்கு வரச் சொன்னால் வாறா இல்லை.”

றோய் லெனாட்டுக்குக் கிட்டப் போனான்.

“லண்டனிலை எங்கடை சபைச் சனம் முழுக்க உங்களிட்டைத்தான் அறிவித்தல் போடுறது. நான் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், எல்லாம் கொழும்புக்காரனிட்டைப் போகும். ஆர் செய்தது? உந்தப் பிள்ளையோ?”

டிலக்ஷி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ இல்லை. ஏஐ விட்ட பிழை” என்றார் லெனாட். “உங்கடை அப்பப்பாவின்ரை பழைய அறிவித்தலிலை அந்தப் பேர் கிடந்திருக்கும். அதிலை இருந்து இழுத்திட்டுது. மெசினுக்கு உங்கடை வீட்டுக் கோவம் தெரியாதுதானே.”

றோய் மேசையில் கிடந்த போனை எடுத்தான். மெசினோடு என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?

“உந்த மெசினை முதல் தூக்கி எறியுங்கோ” என்றுவிட்டுப் போய் ஆட்டோவில் ஏறினான்.

அடுத்த ஏச்சு தனக்குத்தான் என்று டிலக்ஷி நினைத்தாள். அவளே முந்திக்கொண்டாள்.

“அண்ணை, நான் வடிவாப் பார்த்தனான். அந்தப் பேர் எப்பிடித் தப்பினதெண்டு தெரியேல்லை. வேலையாலை நிப்பாட்டிப் போடாதையுங்கோ.”

“நீ பார்க்கேக்கை அது இல்லை, பிள்ளை.”

“அப்ப ஏஐ பிறகு போட்டதோ?”

“அது பாவம். சொன்னதை அப்பிடியே எழுதினது. ஏத்தேக்கை நான்தான் சேர்த்தனான்.”

டிலக்ஷி அவரையே பார்த்தாள்.

“ஏன் அண்ணை? எங்கடை தளமே படுத்திருக்குமே.”

“எங்கடை அப்பா செத்ததை நானும் இப்பிடி ஒரு தளத்திலைதான் பார்த்தனான். பிள்ளையள் அஞ்சு பேர் எண்டு போட்டிருந்தது” என்றார் லெனாட். “நாங்கள் ஆறு பேர்.”