மோட்டருக்குள் ஒரு பொட்டு

"அக்கா, இன்னிக்கே சரியாயிடுமா? வாங்குற ஆளு கீழ்பென்னாத்தூர்ல காத்துட்டிருக்காரு!"

மின்சார பைக்கை உருட்டிக்கொண்டு வந்த வல்லரசுவுக்கு மூச்சு இரைத்தது. வந்த வேகத்தில் ஸ்டாண்டு போடக்கூட மறந்து, வண்டியைப் பிடித்தபடியே பேசினான். பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டரைப் பிரித்துப் பார்க்கிற கடை திருவண்ணாமலை முழுக்கத் தேடினாலும் வேங்கிக்காலில் இருக்கும் இது ஒன்றுதான் என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் வந்திருந்தான்.

கடைக்கார நந்தினி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "முதல்ல வண்டியை நிறுத்துங்க தம்பி. என்ன பிரச்சினை?"

"சத்தம்க்கா. பின் சக்கரத்துல டொக், டொக்னு ஒரே சத்தம். காலைல அவரு ஓட்டிப் பாத்தாரு. விலையெல்லாம் பேசி முடிச்சாச்சு. சத்தத்தைக் கேட்டதும் பாதியில இறங்கிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டா, இல்லனா வேற வண்டி பாத்துக்கறேன்னுட்டாரு."

நாளைக்குப் பௌர்ணமி. மலை சுற்றும் கூட்டம் இறங்கிவிட்டால் ஊரைத் தாண்டி வண்டி நகராது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான். வல்லரசுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பேட்டரியை ஆஃப் பண்ணணும். சீட்டைத் திறங்க."

"சீட்டுச் சாவி தொலைஞ்சு போச்சுக்கா."

"பரவால்ல. மோட்டருக்கு வர்ற ஒயரைக் கழட்டிக்கறேன்."

ஒயரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் மெல்லச் சுற்றினாள். டொக். இன்னொரு சுற்று. டொக். மோட்டர்மேல் காதை வைத்துக் கண்ணை மூடினாள். திறந்தபோது அவள் முகம் பளிச்சென்று மாறியிருந்தது.

"கரண்டே இல்லாம கையால சுத்தினாலும் சத்தம் வருது, கேட்டீங்களா? அப்ப ஒயர் கோளாறு இல்ல. பேரிங் போயிருந்தா கரகரன்னு வந்துட்டே இருக்கும். இது சுத்துக்கு ஒரு தடவைதான் வருது. உள்ள ஒரு காந்தம் ஒட்டு விட்டு எழும்பி இடிக்குது!"

"பிரிக்காமலே சொல்றீங்களேக்கா!"

"இந்தச் சத்தத்தைத் தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவேன்" என்றவள் செல்லை எடுத்தாள். "காசிண்ணே, கடைக்கு மூணு டீ. அன்னிக்குச் சொன்னேன் இல்ல, அதே மாதிரி."

"நாம ரெண்டு பேர்தானேக்கா?"

"இன்னொருத்தர் வருவாரு. விரலை எடுங்க தம்பி, காந்தம் இழுத்து நசுக்கிடும்."

மோட்டர் மூடி கழன்றது. வல்லரசு டார்ச் அடித்தான். அவள் சொன்னது அப்படியே இருந்தது. வரிசையாக ஒட்டியிருந்த காந்தங்களில் ஒன்று மட்டும் ஆடும் பல்லைப் போலத் துருத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க பெரிய ஆளுக்கா!" துள்ளிக் குதிக்காத குறைதான்.

நந்தினி மூடியைத் திருப்பிக் காட்டினாள். உட்புறத்தில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.

"ஷோரூம்ல நீங்களே எடுத்த வண்டிதானே? இது யாரு வெச்ச பொட்டு?"

"நான்தான்க்கா ஃபர்ஸ்ட் ஓனர். எடுத்தன்னிக்குக் கோயில் வாசல்ல பூஜை போட்டோம். எலுமிச்சம்பழமெல்லாம் நசுக்கினோம்."

"மோட்டரைப் பிரிச்சு உள்ளயா பூஜை போட்டீங்க?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வல்லரசுவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான்.

பழைய பசையைச் சுரண்டினாள். புதுப் பசை தடவிக் காந்தத்தை அழுத்தி உட்கார வைத்தாள். சூடு காட்டிக் காய வைத்தாள். அவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். கடைசியில் மூடியைப் பூட்டி, ஒயரை மாட்டி, ஆக்சிலேட்டரைத் திருகினாள்.

சக்கரம் சுழன்றது. வேகம் கூட்டினாள். காற்றுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"போச்சு! சத்தம் போயே போச்சு!" அவசரமாகச் செல்லை எடுத்தான் வல்லரசு. "அண்ணே, கிளம்பிட்டேன்! வந்துட்டே இருக்கேன்! சும்மா வெண்ணெய் மாதிரி ஓடுது!"

செல்லைப் பையில் போட்டுக்கொண்டே, "எவ்வளவுக்கா? ஜாஸ்தியானாலும் பரவால்ல, தாராளமா கேளுங்க!" என்றான்.

"காசெல்லாம் வேணாம்."

"அய்யய்யோ, என்னக்கா இது?"

அந்த நேரத்தில் டீக்கடைக் காசி தட்டோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே வந்து மூன்றாவது டம்ளரை எடுத்துக்கொண்டவர் போலீஸ் காக்கி போட்டிருந்தார். வாசலை அடைத்தாற்போல் நின்று நிதானமாக ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். வல்லரசுவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பெயிண்ட்டை மாத்தின, நம்பரை மாத்தின. சத்தத்தை மாத்த முடியலையே" என்றாள் நந்தினி. 'நீங்க' எல்லாம் காணாமல் போயிருந்தது. "நான் பொட்டு வெச்சு மூடின அன்னிக்கு நல்ல பசை கைவசம் இல்ல. அவசரத்துக்கு ஒட்டின காந்தம் ஒரு மாசம் தாங்காது. மறுபடி இடிச்சா மோட்டர் பிரிக்க இந்த ஊர்ல வேற கடையும் கிடையாது. அதான் வழி பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

சுவரில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சீட்டில் நுழைத்துத் திருப்பினாள். சீட்டு திறந்துகொண்டது.

"சொந்த வண்டியைச் சரி பண்ணிட்டு யாராவது காசு வாங்குவாங்களா தம்பி?"