முள் இல்லாத கடிகாரம்

மூன்றாவது தடவையாக அந்தக் கடிகாரத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருந்தாள்.

மியூசியத்துக்கு வேண்டாத சாமான்களைப் பட்டியல் போடுவது ஸ்டோர்கீப்பர். எது போகலாம், எது இருக்கட்டும் என்று முடிவு செய்வது பதிவேடு பார்க்கும் பெண். இருபத்தாறு வருஷமாகத் தூசி தின்றவர் ஸ்டோர்கீப்பர். நேற்று வந்தவள் கையில் சிவப்புப் பேனா. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“முள்ளும் இல்லை, பெண்டுலமும் இல்லை. அதை விடமாட்டேங்கறாங்க,” என்றார் வாட்ச்மேனிடம். “வீட்டுக்குக் கொண்டுபோகக் கண்ணு வெச்சிருக்காங்கய்யா.”

“அவங்களையே கேட்டுடலாமே சார்?”

“கேக்கறேன். நாலு பேர் முன்னாடி கேக்கறேன்.”

கமிட்டிக் கூட்டத்தில் கேட்டும்விட்டார்.

“ஓட்டை உடைசல் கடிகாரம் சார். மூணு தடவை எழுதினேன், மூணு தடவையும் மேடம் அடிச்சுட்டாங்க. என்ன பாசமோ தெரியலை.”

டைரக்டர் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா?”

அவள் ஸ்டோர்கீப்பரை ஒரு கணம் பார்த்தாள். “கவனிக்காம அடிச்சுட்டேன் சார். என் தப்புதான்.”

“மூணு தடவையுமா? இனிமே அவரே பார்க்கட்டும். பதிவேட்டை அவர்கிட்ட கொடுத்துடுங்க.”

ஸ்டோர்கீப்பருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கூட்டம் முடிந்த கையோடு கடிகாரத்தைத் தூக்கிவந்து கவிழ்த்தார். முதுகுப் பலகையில் எழுதியிருந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினார்.

‘704. நல்ல நிலையில் ஓடும் கடிகாரம். கொடுத்தவர் நிபந்தனை: எக்காலத்திலும் அப்புறப்படுத்தக் கூடாது.’

ஓடும் கடிகாரமா?

இரண்டு வருஷத்துக்கு முன் சுத்தம் செய்ய ஒரே நாளில் இதையும் ஓடும் கடிகாரம் ஒன்றையும் கழற்றியது ஞாபகம் வந்தது. முதுகுப் பலகைகளை மாற்றி மாட்டியிருக்கிறார். அப்படியானால் போன வருஷம், சுற்றிய துணியைக்கூடப் பிரிக்காமல், உடைசல் கடிகாரத்தின் எண்ணை மட்டும் பார்த்து அவர் உடைக்க அனுப்பியது நல்ல கடிகாரம். ரசீதில் அவர் கையெழுத்து இருக்கிறது. விசாரணை என்று வந்தால் பென்ஷன் அவ்வளவுதான்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கு ஓடினார்.

“தெரிஞ்சுதான் அடிச்சீங்களா மேடம்?”

மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“நாலு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க சார். அதுவரைக்கும் யாரும் அதைத் திருப்பிப் பார்க்காம இருக்கணுமேன்னுதான்.”