கம்பளி

புதுவாயல் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிய கிரேஸ் அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எவன் இத போடச் சொன்னது?"

"நான்தான் அண்ணி," என்றான் கொழுந்தன் சாம்சன். "பாடி வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கணும்ல. ஐஸ் பெட்டிக்கும் சொல்லியாச்சு. பாஸ்டரு வந்துக்கினே இருக்காரு."

அவள் உள்ளே போய் பீரோவைக் குடைய ஆரம்பித்தாள்.

"இன்னா அண்ணி தேடற?"

"கம்பளி. உங்க அண்ணனுக்கு."

சாம்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவருக்கு இனிமே எதுக்கு கம்பளி? மனசுல அடக்கி வெச்சிக்காத அண்ணி. கொஞ்சம் அழுதுடு."

"நான் எதுக்குடா அழணும்?"

"நேத்து ஐசியூல நானே கால தொட்டுப் பார்த்தேனே. ஐஸு மாதிரி இருந்துச்சு."

"தொட்ட, உடனே ஓடியாந்துட்ட. யாரையாவது ஒரு வார்த்த கேட்டியா? ஃபேக்டரில நெஞ்சு நின்னு திரும்புன ஆளு. மூளை கெடக்கூடாதுன்னு தொடை நரம்பு வழியா டியூப்பு உட்டு, டாக்டருங்கதான் ஒடம்ப ஜில்லுனு வெச்சிருந்தாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்தி, இன்னிக்கு காலைல கண்ண தொறந்தாரு. குளுருது, கம்பளி எடுத்துக்கினு வான்றாரு."



கம்பளியோடு வெளியே வந்த கிரேஸ் தெருமுனையைப் பார்த்தாள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற எழுத்துக்கு மேலே, ஆளுயர பேனரில் அவள் கணவன் தானியேல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல அத கழட்டு. ஊட்டுக்கு வரும்போது பார்த்தாருன்னா நெஜமாவே போய்டுவாரு."