மூன்றில் எந்தக் கேமரா?

"அண்ணாச்சி, நாளைக்குக் காலையில எனக்கு ரயிலு. இந்த மூணுல எத எடுத்துட்டுப் போகன்னு நீங்களே சொல்லுங்க."

எமில்டா கைப்பையை ஷோகேஸ் மேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மதிய வெயிலில் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி காயல்பட்டினம் வந்து இறங்கியிருந்தாள். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஃபிலிம் கேமரா சுற்றுவட்டாரத்தில் இந்த ஒரு கடையில்தான் கிடைக்கும் என்று கேள்வி.

ஷோகேஸுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மூன்று கேமராக்களும் அவர் முன்னால் வரிசையாக இருந்தன. லென்ஸ் துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதுக்கு வாங்குதீய தங்கச்சி?"

"சென்னையில ஒரு கண்காட்சி. ரயில்ல காசி வரைக்கும் ஊர் ஊராப் போயி பன்னெண்டு படம் எடுத்துக் குடுக்கணும். போன்ல எடுத்தது செல்லாது. பெரிய ஃபிலிம்ல எடுத்தாத்தான் சேத்துக்கிடுவாங்களாம். ஹார்பர்ல கிளியரிங் ஆபீஸ்ல வேல பாக்கேன். மூணு வருசமாக் கெஞ்சி பதினஞ்சு நாள் லீவு வாங்கியிருக்கேன். இத விட்டா எனக்கு வேற வாய்ப்பே இல்ல."

லீவு கிடைத்த சந்தோஷத்தைவிட, தப்பான கேமராவை வாங்கி அதைப் பாழாக்கிவிடுவோமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

முதலில் பெரிய கேமராவை எடுத்தாள்.

"இதுல ஒரு ரோலுக்குப் பதினஞ்சு படம் எடுக்கலாமாம்லா?"

"எடுக்கலாம். கழுத்துல போட்டுப் பாருங்க."

போட்டாள். கழுத்து தானாகக் குனிந்தது.

"ரெண்டு கிலோவுக்குக் கொறையாது. நீங்க காசியில எறங்கும்போது உங்களுக்குக் கழுத்து இருக்காது" என்றார் அவர்.

அடுத்தது இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் கேமரா. எடை கம்மி. மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும்.

"இது நல்லாருக்கே அண்ணாச்சி!"

"நல்லதுதான். ஆனா எடம் வலமாத் தெரியும். வாசலப் பாருங்க."

பார்த்தாள். தெருவில் ஓர் ஆடு கிழக்கே போனது. கேமராக் கண்ணாடியில் அதே ஆடு மேற்கே போனது. எமில்டா ஆட்டோடு சேர்ந்து கேமராவைத் திருப்ப முயன்று, எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

"இதப் பழகி முடிக்கதுக்குள்ள உங்க லீவு முடிஞ்சிரும்."

மூன்றாவது மடக்குக் கேமரா. மூடினால் கைக்குள் அடங்கியது. பொத்தானை அமுக்கியதும் மடிப்பு மடிப்பான தோல் துருத்தி விரிந்து லென்ஸ் முன்னால் வந்து நின்றது. எமில்டாவுக்கு முகமெல்லாம் பல்.

"இதான் அண்ணாச்சி! பயணத்துக்கு இதான்!"

"அதுவா?" அவர் ஒரு நிமிடம் தயங்கினார். "துருத்தி பழசு. நம்ம உப்புக் காத்துல ஊசி முனையளவு ஓட்ட விழுந்தாப் போதும். வெளிச்சம் உள்ள போயி படம் பூரா பாழு."

"இப்ப ஓட்ட இருக்கா?"

"இப்ப இல்ல. விழலாம். பெறகு, தூரத்தையும் கண்ணாலயே அளந்து வைக்கணும். அந்தக் கதவு எத்தன அடி தூரம், சொல்லுங்க பாப்போம்?"

"பத்து?"

"ஆறு."

எமில்டா மறுபடி பெரியதை எடுத்தாள். கழுத்து வலித்தது. பெட்டியை எடுத்தாள். தலை சுற்றியது. மடக்குக் கேமராவை எடுத்தாள். மனசே இல்லாமல் கீழே வைத்தாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். அவளுக்கு மூன்றாவதாக ஒரு கால் தேவைப்பட்டது.

"மடக்குக் கேமரா என்ன வெல அண்ணாச்சி?"

"வெலையெல்லாம் பெறகு. மொதல்ல எது வேணும்னு ஒரு முடிவுக்கு வாங்க."

"வரும்போதாவது கொஞ்சம் தெளிவா இருந்தேன்" என்று நெற்றியைத் தேய்த்தாள். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. தன் சரக்க இப்பிடிக் கொற சொல்லுத கடைக்காரர நான் பாத்ததே இல்ல. நல்ல மனுசன் நீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சிரித்து மட்டும் வைத்தார்.

"போயி ஒரு டீ குடிச்சிட்டு, நிதானமா யோசிச்சிட்டு வாங்க தங்கச்சி."

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். டீக்கடை தேடித் தெருமுனை திரும்பி மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சற்று நேரத்தில் வெள்ளைத் தொப்பியோடு ஒரு பெரியவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"ஜும்ஆ தொழுக முடிய நேரமாயிட்டு தம்பி, மன்னிச்சுக்கிடுங்க. உங்கள நம்பித்தான் கடையத் தெறந்து போட்டுட்டுப் போனேன்" என்றார் கடைக்காரர் மூஸா நெய்னா. "காலையிலருந்து மூணையும் பொரட்டிக்கிட்டு இருந்தீங்களே, எது வேணும்னு ஒரு முடிவுக்கு வந்தீங்களா?"

"வந்துட்டேன் பாய்" என்று ஷோகேஸுக்குப் பின்னாலிருந்து எழுந்த ஏரல்காரர் ராஜபாண்டி மடக்குக் கேமராவை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். "இதுக்குப் பில்லப் போடுங்க. கொஞ்சம் சீக்கிரமாப் போடுங்க, டீ குடிக்கப் போன பொண்ணு திரும்பி வந்துரும்."