ஏழாம் நம்பர் மாடு

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஆரணிப் பக்கத்தில் காணாமல் போன பாலின் கதை ஒன்று சொல்கிறேன்.

"ஏழாம் நம்பர் மாட்டோட பாலு எங்க போச்சு, உண்ணாமலை?"

கந்தசாமி கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் 7 என்ற எண் சிவப்பாக மின்னியது.

"இன்னா மொதலாளி கேக்கறீங்க? கறந்த பாலு டேங்குலதான் கீது."

"போன வாரம் வரைக்கும் வேளைக்குப் பன்னெண்டு லிட்டரு. நாலு நாளா அஞ்சு. மிச்சம்?"

உண்ணாமலை மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். பொங்கலுக்குப் பூசிய நீலம் அதன் கொம்பில் இன்னும் போகவில்லை.

"இவளா? இவ என்னிக்கு பன்னெண்டு கறந்தா? எப்பவும் அஞ்சுதான்."

அதன் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்க்கக் கை நீட்டினாள்.

"பட்டையத் தொடாதன்னு எத்தினி தபா சொல்றது?"

கந்தசாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கணக்கு கையில் இருக்கும்போதே எப்படிக் கூசாமல் பேசுகிறாள்!

அவர் பட்டு வியாபாரி. தறிக்காரர்களுக்கு நூலை நிறுத்துக் கொடுத்து, சேலையை நிறுத்து வாங்கியே பழகியவர். களம்பூர் சாலையில் முப்பது மாடுகளோடு பண்ணை வைத்திருந்தார். குழாய் மாட்டிக் கறக்கும் பழைய கொட்டகை. அதில் ஆறு வருஷமாக உண்ணாமலைதான். மூன்று மாதம் முன்பு அதே கொட்டகையின் ஒரு மூலையில் பால் கறக்கும் ரோபோவைக் கொண்டுவந்து இறக்கினார். மாடு தானாகப் போய் நிற்கும். கழுத்துப் பட்டையைப் பார்த்து இன்ன மாடு, அதன் காம்பு இன்ன இடம் என்று ரோபோ தெரிந்துகொள்ளும். இரும்புக் கை நீண்டு கறக்கும். கணக்கு கைபேசிக்கு வந்துவிடும். பாதி மாடு ரோபோவுக்கு, பாதி உண்ணாமலைக்கு. ஏழாம் நம்பர் ரோபோவின் பங்கு.

'மெஷின் உருப்பட்டால் தன் வேலை போய்விடும் என்று, இவள் முன்னாடியே கையால் கறந்துவிடுகிறாள்.' இதுதான் கந்தசாமியின் முடிவு. வைக்கோல் போர் மறைவில் நின்று இரண்டு நாள் பார்த்தார். அவளுடைய சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து முகர்ந்தார். புளிச்சோற்று வாசனைதான் வந்தது. அவள் மாட்டைத் தடவிக்கொடுத்தால் சந்தேகம். தடவிக்கொடுக்காவிட்டால், 'நான் பார்ப்பது தெரிந்துவிட்டது போல' என்று அதிலும் சந்தேகம்.

போதாததற்கு, நாலு நாளாக ரோபோவின் கை காம்பைக் கண்டுபிடிக்க முடியாமல் தடவித் தடவித் திண்டாடியது. மாடு உதைத்தது.

"மெஷினையும் இன்னாவோ பண்ணி வச்சிட்ட. மெஷின் பொய் சொல்லாது உண்ணாமலை. நீதான் சொல்ற."

"ஆறு வருசமா இங்க சாணி அள்ளிகினு கீறேன். ஒரு டம்ளர் பாலு ஊட்டுக்கு எடுத்துனு போயிருப்பேனா?"

"அப்போ கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணு. இல்லன்னா இன்னியோட நின்னுக்க."

"அடிக்கிறேன். தை கடைசில எம் பொண்ணுக்கு நிச்சயம் வச்சிகீறேன். திருடின்னு பேரு எடுத்துகினு இந்த கேட்டைத் தாண்ட மாட்டேன். ஆனா நீங்களும் அடிக்கணும். அதான் நாயம்."

"எனக்கு இன்னா பயம்?"

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஆளுக்கொரு கட்டிக் கற்பூரம் எரிந்தது. கந்தசாமியே வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்.

"எந்தக் கை பட்டு இந்த மாட்டோட கணக்கு கெட்டுதோ, அந்தக் கை வெளங்காமப் போவட்டும்!"

சொல்லிவிட்டு ஓங்கி அடித்தார். உண்ணாமலையும் அதையே சொல்லி அடித்தாள். அவள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது. 'பழகின கை!'

அந்த நேரத்தில் ரோபோ கம்பெனி மெக்கானிக் சிவகுமார் பைக்கில் வந்து இறங்கினான். இரும்புக் கையைச் சரிபார்க்க வரச் சொல்லியிருந்தார். அவன் திரையைத் திறந்து கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"சார், ஏழு கொறஞ்சதைப் பாத்தீங்க. பதினொண்ணு கூடினதைப் பாக்கலியா?"

"கூடினா நல்லதுதானேப்பா. அதை எதுக்குப் பாக்கணும்?"

"அஞ்சு லிட்டர் கறந்துகினு இருந்த மாடு, அதே நாலு நாளா பன்னெண்டு கறக்குது. பாலு எங்கியும் போவல சார். ஏழாம் நம்பர் பட்டையும் பதினொண்ணாம் நம்பர் பட்டையும் கழுத்து மாறிப் போயிருக்குது. அதான் இந்த மாட்டோட காம்பை மெஷின் அந்த மாட்டுகிட்ட தேடுது."

உண்ணாமலை வாயைத் திறந்தாள். "நான் அதைத் தொட்டதே இல்ல தம்பி."

"அப்போ கழட்டி மாட்டினது யாரு அக்கா?" என்றபடி சிவகுமார் பட்டையைத் திருப்பினான். எண்ணுக்கு மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

மாட்டுப் பொங்கலன்று, 'வெலை ஒசந்த சாமான், ஒருத்தரும் தொடக் கூடாது' என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, பட்டைகளைக் கழற்றிக் கழுவி, பொட்டு வைத்துப் படைத்து, ஒவ்வொன்றாகத் தாமே திரும்பக் கட்டிய கந்தசாமி, கற்பூரச் சூடு ஆறாத தம் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பானை வருஷா வருஷம் பொங்கி வழியட்டும். உங்கள் வீட்டுக் கைகளெல்லாம் நன்றாய் விளங்கட்டும் கண்ணுகளா.