முயலம்மாளின் தரகர்

மழைக்கு முன் குட்டி ஈன வேண்டிய முயலம்மாள், குடியிருக்க ஒரு வளை வாங்கத் தன் சார்பில் தேரையாரைத் தரகராக அமர்த்திக்கொண்டாள்.

வளையை விற்க வந்த பெருச்சாளி நகைத்தது. "அம்மா, சுவரின் பூச்சைப் பாருங்கள், அரண்மனை! இந்தச் சொறிமேனியருக்கு என்ன தெரியும்?"

தேரையார் மூலையில் அமர்ந்தார். கண்கள் சொக்கின. "ஆகா, என்ன சுகம்! அம்மா, இது வேண்டாம்."

"சுகம் என்கிறீர், வேண்டாம் என்கிறீரே?"

"எனக்குச் சுகமென்றால் பூச்சுக்குள் ஈரம் இருக்கிறது. குட்டிகள் விறைத்துப்போகும்."

மேட்டுச் சரிவில் வேறொரு வளை இருந்தது. உள்ளே சென்ற தேரையார் தோல் வறண்டு, மூச்சிரைக்க வெளியே பாய்ந்தார். விடாமல் பின்தொடர்ந்த பெருச்சாளி கைகொட்டிச் சிரித்தது.

முயலம்மாள் காதுகளை நிமிர்த்தினாள். "என் தரகர் ஓடிவந்த அழகைப் பார்த்தீரா, பெருச்சாளியாரே? இதுதான் என் வீடு!"