துணி சுற்றிய வள்ளல்

தேர்தல் முடிந்தது. ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த வள்ளல் பொன்னுரங்கத்தின் பிறந்தநாளன்று, தேர்தல் விதிப்படி அவர் வெண்கலச் சிலையை மூடியிருந்த துணியை நகராட்சி ஆட்கள் அவிழ்த்தார்கள். உள்ளே ஆளுயரத்துக்குக் கட்டிய வெறும் மூங்கில்தான் நின்றது.

சிலைத் திருட்டுக்குப் புகார் எழுதிய இன்ஸ்பெக்டர், "ஆளுக்கு மீசை உண்டா?" என்று கேட்டார்.

நகராட்சித் தலைவி பூக்காரர் சீனிச்சாமியைப் பார்த்தார்.

"வருசா வருசம் மாலை போடுறவன்தாம்மா. கழுத்தைத்தான் பாப்பேன்."

எதிர்க்கடைக்காரர், "தலைப்பாகை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். வள்ளலின் பேரன் மூங்கிலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"விழாவுக்கு வர்ற அமைச்சர் பாலம் தாண்டிட்டாராம்," என்றார் தலைவி. "துணியத் திரும்பச் சுத்துங்க."

ஏணியில் ஏறிய சீனிச்சாமி, மாலையை வைத்துக்கொண்டு துணியில் கழுத்தைத் தேடித் தடவினார். கீழே எல்லோரும் கும்பிட்டு நின்றார்கள்.